அந்த வாசலைக் காலி பண்ணினது நான்தான்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க, ஒண்ணு கேக்கேன். மடியில வச்சிருக்க லேப்டாப்புல கறுப்புத் திரையில வெள்ளையா எழுத்து ஓடுதே, அது லினக்ஸ்தானே? நெனச்சேன். தூத்துக்குடியில நீங்க ஏறுனதுல இருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுத்தான் வாரேன். மூட வேண்டாம், மூட வேண்டாம், நான் ஒண்ணும் பறிச்சிட்டு ஓட மாட்டேன். எம் பேரு லிங்கத்துரை. எனக்கும் அந்த எழவு கொஞ்சம் தெரியும், அதுக்காகக் கேட்டேன்.

எங்க வரைக்கும்? திருச்செந்தூரா. அப்பம் நேரம் கெடக்கு. நான் குலசைக்குப் போறேன், அம்மன் கோயில் தசராவுக்கு. இன்னைக்கு ஆயுத பூஜை வேற, அதான் பஸ்ஸுல இந்த நெருக்கடி. அந்தா முன்னால காளி வேஷம் போட்டு ஒருத்தன் நிக்கான் பாருங்க, அவன் கிரீடம் இடிச்சு இடிச்சு கண்டக்டருக்குக் கோவம் வந்துட்டு. வேண்டுதல் உள்ளவன் வேஷம் கட்டுதான். எனக்கும் வேண்டுதல் இருக்கு, ஆனா வேஷம் கட்டல. அம்மனுக்கு எம் மூஞ்சி தெரியணும்.

உங்கள மாதிரி படிச்ச ஆளு ஒருத்தரைத்தான் தம்பி நான் தேடிக்கிட்டு இருக்கேன். ஒரு நியாயம் கேக்கணும். நான் முழுசா சொல்லுதேன், கடைசியில "உம்ம மேல தப்பு இல்லவே"ன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும். தப்பு இருந்தா இருக்குன்னும் சொல்லுங்க. ஆனா இல்ல. கேளுங்க.

நான் ஐஸ் கம்பெனியில ஃபோர்மேனா இருந்தவன். போட்டுல மீன் பிடிக்கப் போறவங்களுக்கு ஐஸ் போடுத கம்பெனி. ஐஸ் போடணும்னா அமோனியா ஓடணும். குழாய் குழாயா ஓடும். ரவ கசிஞ்சா கண்ணு எரியும், கூடக் கசிஞ்சா நெஞ்சை அடைச்சிப் போட்டுரும். நாங்க எல்லாரும் மூக்கை வச்சுத்தான் பொழச்சோம். எவனுக்காவது வாடை தூக்கலாத் தெரிஞ்சா, உடனே மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் வெளிய வந்துருவோம். எவன் நிறுத்தினான், ஏன் நிறுத்தினான்னு கேள்வி கெடையாது. அதுதான் அங்க வழக்கம். பாதி நாள் சும்மாவே நிறுத்துவானுவ. ஐஸ் கட்டி இறுகாமப் போயிரும், முதலாளி என்னைப் புடிச்சுத் திட்டுவாரு.

அப்பம்தான் நான் சொன்னேன், அண்ணாச்சி, இதுக்கு ஒரு கருவி நானே செஞ்சு தாரேன்னு. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன் படிச்சவன் நான். மிச்சமெல்லாம் ஃபோன்ல வீடியோ பாத்துப் படிச்சது. உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு, உங்களுக்குத் தெரியாததா, அதுவே முழுக் கம்ப்யூட்டர். அதுல ஒரு கேஸ் சென்சாரை மாட்டணும். கேஸ் கூடுச்சுன்னா அபாயச் சங்கு ஊதணும், கம்ப்ரஸர் தன்னால நிக்கணும். கம்ப்ரஸர் ரூம் வாசல்ல ஒரு விளக்கு. பச்சை எரிஞ்சா உள்ள போ, சிவப்பு எரிஞ்சா ஓடு. அவ்வளவுதான். எம் மச்சினன் ஜெயக்கொடி, எம் பொண்டாட்டி பொன்ராணிக்குத் தம்பி, அவனும் அங்கதான் வேலை. ஏணியில ஏறி ஒயர் இழுத்ததெல்லாம் அவன்தான். "எங்க அத்தான் விஞ்ஞானி ஆயிட்டாரு, இனி மீசையை எடுத்துருவாரு"ன்னு கம்பெனி பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். வாய்க்காரப் பய.

மாட்டியாச்சு. வேலை செய்யல. சென்சார் அந்த போர்டுல உள்ள சீரியல் போர்ட்ங்கிற வாசல் வழியாத்தான் பேசும், ரெண்டே ரெண்டு ஒயர், ஒண்ணு பேச, ஒண்ணு கேக்க. அது ஒண்ணும் ரெண்டும் சேத்துப் பன்னெண்டுன்னு சொல்லுது, எனக்கு ஒண்ணு மட்டும் வருது. ரெண்டை எவனோ தின்னுருதான். சிலசமயம் ஒண்ணைத் தின்னுட்டு ரெண்டைத் தாரான். ஒயரை மாத்துனேன், சென்சாரை மாத்துனேன், போர்டையே மாத்துனேன். எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறை. சோறு எறங்கல தம்பி, உண்மையா.

சிரிக்கிய. உங்களுக்குத் தெரிஞ்சிட்டு, என்ன? ஆமா, அதேதான். அந்த போர்டு எழும்பும்போதே அந்த வாசல்ல ஒரு காவக்காரனை, அதாவது ஒரு புரோகிராமை, உக்கார வச்சிருது. யாரு வந்தாலும் "நீ யாரு, பாஸ்வேர்டு என்ன"ன்னு கேக்க ஆளு. திரை இல்லாத எடத்துல அந்த ஒயர் வழியாத்தான் மனுசன் உள்ள வருவானாம், அதுக்காக வச்சிருக்கானுவ. நம்ம சென்சார் பாவம், பன்னெண்டுன்னு சொன்னா, இவன் அதை ஒரு ஆளோட பேருன்னு நெனச்சு அதுல பாதியை வாங்கிக்கிட்டு பாஸ்வேர்டு கேக்கான். அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு நான் தனியா உக்காந்து சிரிச்சேன். ஒரே ஒரு வரி அடிச்சேன். ஸ்டாப்னு போட்டு, அவன் பேரைப் போட்டு, என்டர் தட்டுனேன். எந்திச்சுப் போயிட்டான். வாசல் காலி. பன்னெண்டுன்னா பன்னெண்டு, பதிமூணுன்னா பதிமூணு, முழுசா வந்து விழுது.

அத்தனை பேரும் பாத்தாவ. ஜெயக்கொடி ஒரு துணியை ரவ அமோனியாவுல நனைச்சு சென்சார்ட்ட கொண்டு போனான். விளக்கு சிவப்பு ஆச்சு, சங்கு ஊதுச்சு, கம்ப்ரஸர் டக்குன்னு நின்னுச்சு. முதலாளி எனக்கு சால்வை போத்துனாரு. பொன்ராணி அந்த சால்வையை மடிச்சு பீரோவுல வச்சா. பொய் சொன்னா எங் கண்ணு அவிஞ்சு போகும். இதை நான் ஏன் சொல்லுதேன்னா, அந்த வாசலைக் காலி பண்ணினது நான்தான். காலி ஆச்சு. எல்லாரும் பாத்தாவ. அப்புறம் காலி ஆகலேன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அதுக்கப்புறம் மூக்கை நம்பி மெஷினை நிறுத்துத வேலையை ஒழிச்சேன். கடுமையாச் சொல்லிட்டேன், விளக்கைப் பாருங்க, மூக்கு பொய் சொல்லும், விளக்கு பொய் சொல்லாதுன்னு. ஐஸ் நல்லா இறுகுச்சு. முதலாளி மொகத்துல சிரிப்பு.

இருங்க, ஃபோன் அடிக்கி. அடிச்சா அடிக்கட்டும், எடுக்கல. காலையில இருந்து இதே பாடுதான். சொல்லுதேன், அதுவும் இந்தக் கதையில வருது.

போன வருஷம் ஆயுத பூஜை. கம்பெனியில ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல தம்பி. எல்லா மெஷினும் நிக்கணும். தொடச்சு, கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, அன்னைக்கு ஒரு ஸ்பேனரைக் கூட ஆரும் தொடக் கூடாது. வருஷம் பூரா உழைச்ச சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு. மறுநாள்தான் நல்ல நேரம் பாத்து ஸ்விட்சு போடுவோம். இந்த போர்டு வந்த நாள்ல இருந்து ஒரு தடவை கூட அணைஞ்சதில்ல, கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும். அதுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? நானே எங் கையால பேட்டரி ஒயரைக் கழத்துனேன். போர்டைத் தொடச்சு, பொட்டி மேல பட்டை போட்டு, நடுவுல குங்குமம் வச்சேன். குங்குமத் தூள் உள்ள விழுந்துரக் கூடாதுன்னு ஒரு பேப்பரைப் போட்டு மூடி வச்சேன்னா பாத்துக்கிடுங்க. அவ்வளவு பொறுப்பா செஞ்சவன் நான்.

மறுநாள் ஸ்விட்சு போட்டோம். பச்சை எரிஞ்சுது. பூசணிக்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி. அப்பம் ஜெயக்கொடி வந்து, "அத்தான், துணியை நனைச்சு ஒருக்கக் காட்டிப் பாத்துருவமா"ன்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். நீங்களே சொல்லுங்க, பூஜை முடிஞ்சு மெஷினை ஓட்டுத அன்னைக்கு, மொதச் சத்தமா சங்கு சத்தம் கேக்கலாமா? முதலாளி குடும்பத்தோட நிக்காரு, கையில கொழந்தை வேற. அபசகுனம்னு மூஞ்சி சுளிக்க மாட்டாரா? எவன் செய்வான்? அந்த ஊர்ல ஒருத்தன் செய்ய மாட்டான்.

அதுக்குப் பெறவு ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் ஜெயக்கொடி வந்து சொல்லுதான், "அத்தான், வாடை தூக்கலா இருக்கு, வால்வு பக்கத்துல கசியுது போல, நிறுத்திருவமா?" நான் ஓடிப் போயி விளக்கைப் பாத்தேன் தம்பி. கவனிச்சியளா? பாக்காம ஒண்ணும் சொல்லல. பாத்தேன். பச்சை. நல்லா சொக்கப் பச்சை. "பச்சைதானலே எரியுது, போயி வால்வு நட்டை இறுக்கிட்டு வா"ன்னேன். அவனும் விளக்கை ஒருக்கப் பாத்தான். தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூக்குல கட்டுனான். போனான்.

நட்டு கையோட வந்துட்டு.

நாங்க தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ள போயி இழுத்துட்டு வாரதுக்குள்ள... கண்ணு ரெண்டும் தெறந்துதான் இருந்துது. அதுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆஸ்பத்திரியில ராத்திரி தாண்டல. கல்யாணம் பேசி வச்சிருந்தோம் அவனுக்கு.

தண்ணி பாட்டிலா? இல்ல, வேண்டாம், குடிங்க.

அப்புறம் விசாரணை. வெளியூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துது, ஹேமப்ரியான்னு பேரு, எம் மக வயசுதான் இருக்கும். உங்கள மாதிரியே மடியில லேப்டாப்பை வச்சு அந்த போர்டை நோண்டுச்சு. எல்லார் முன்னாலயும் சொல்லுது, "இவரு அந்தக் காவக்காரனை அந்நேரத்துக்கு வெளிய அனுப்பிருக்காரே தவிர, இனிமே வராதன்னு சொல்லல. டிசேபிள் பண்ணல. போர்டை அணைச்சுப் போட்டதும் அவன் பழையபடி வந்து உக்காந்துட்டான். சென்சார் முன்னூறு முன்னூறுன்னு கத்திருக்கு. மூணை அவன் தின்னுட்டு சைபரை விளக்குக்குக் கொடுத்திருக்கான்"னு. முதலாளி என்னைப் பாத்தாரு. பொன்ராணியும் அங்கதான் நின்னா, தம்பியைப் பறிகொடுத்தவ, வரக் கூடாதுன்னு சொன்னா கேக்கவா செய்தா.

நான் கேக்கேன், சொன்னாப் போகணும்ல? வெளிய போன்னு சொன்னா, ஒருத்தன் மறுபடி வந்து உக்காருவானா? நம்ம வீட்டு வாசல்ல இருந்து ஒருத்தனை எழுப்பி விட்டா, நாம தூங்கி எந்திச்ச ஒடனே அவனும் வந்து உக்காந்துருவான்னு எந்த மனுசனுக்குத் தோணும்? அதுக்கு ஒரு வார்த்தை, இதுக்கு ஒரு வார்த்தைன்னு வச்சவன் மேல கேஸ் போடாம, என் மேல போட்டிருக்காவ. நான் பாத்த வீடியோவுல சொல்லிக் கொடுத்தவன் ஸ்டாப்னுதான் சொன்னான். அதுக்கப்புறம் ஒரு வீடியோ இருக்காம், ரெண்டாம் பாகம். எனக்கு மொதப் பாகத்துலயே வேலை நடந்துட்டே, நான் எதுக்கு ரெண்டாம் பாகம் பாக்கணும்?

வேலை போச்சு, அது கெடக்கு. பொன்ராணி என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. சண்டை போட்டாலும் பரவால்ல. சோறு வைப்பா, கொழம்பு ஊத்துவா, தண்ணி வைப்பா. ஒரு வார்த்தை கெடையாது. நான் "உப்பு கம்மியா இருக்கு"ன்னு சொன்னா உப்பு டப்பாவைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருவா. ஒரு நாள் நான் கத்துனேன், எவளாவது ஒருத்தி புருசனை இப்படிக் கொல்லுவாளான்னு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தச் சொல்லை நான் சொல்லிருக்கக் கூடாது. அம்மன்ட்ட என் வேண்டுதலே அதுதான், அவ வாயைத் தொறக்கணும். கேஸ் பெறவு.

இந்தா, மறுபடியும் அடிக்கி. பனையடி ரோஸ்லின் மேடம். பாக்கியளா, எத்தனை தடவை கூப்பிட்டிருக்குன்னு.

பனையடியில இன்னொரு ஐஸ் கம்பெனி இருக்கு தம்பி, இந்த ரோட்டுலதான், இப்பம் வரும், காட்டுதேன். எங்க கம்பெனியில நான் செஞ்சதைப் பாத்துட்டு, அங்கயும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அதே போர்டு, அதே சென்சார், அதே விளக்கு. ரோஸ்லின் மேடம் அங்க மேனேஜரு. இந்தா இன்னைக்கு வரைக்கும் ஒரு கொறை கெடையாது, கோயில் மணி மாதிரி வேலை செய்யுது. எங் கை வேலையில தப்பு இருந்தா அது மட்டும் எப்படி ஓடும்? சொல்லுங்க. கோர்ட்டுல இதைச் சொல்லுங்கன்னு நான் வக்கீல்ட்டயே சொல்லிருக்கேன்.

அணைச்சாவளான்னா கேக்கிய? இல்ல, அணைக்கல. அந்த முதலாளி வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, ஆயுத பூஜைன்னு ஒண்ணு அங்க கெடையாது. மாட்டுன நாள்ல இருந்து அது அணையவே இல்ல.

இந்த வருஷம் கம்பெனி கை மாறிட்டு. புது முதலாளி பெரிய பக்திமான். இன்னைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் நிறுத்தி, ஜாம் ஜாம்னு பூஜை போடச் சொல்லிட்டாராம். அதான் ரோஸ்லின் மேடம் காலையில மெசேஜ் போட்டிருக்கு, படிக்கேன் கேளுங்க. "லிங்கத்துரை அண்ணே, பேட்டரியையும் கழத்தச் சொல்லுதாரு. கழத்தலாமா? உங்க கம்பெனியில நடந்ததைக் கேட்டதுல இருந்து பயமா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க." அவ்வளவுதான்.

நான் என்னத்தைச் சொல்ல? நீங்க யோசிச்சுப் பாருங்க. கழத்தாதன்னு நான் சொன்னேன்னு வைங்க, அதுக்கு என்ன அர்த்தம்? எங் கை வேலையில கோளாறு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல? நாளைக்கு அந்த மெசேஜைக் கோர்ட்டுல காட்டுவான். பொன்ராணி காதுக்கும் போகும். போயி அந்த டிசேபிள்ங்கிற வார்த்தையை அடிச்சிட்டு வந்துரலாம், அது ஒரு நிமிஷ வேலை, தெரியும் எனக்கு. பாஸ்வேர்டும் என்கிட்டதான் இருக்கு. ஆனா போனேன்னா, ஏன் போனேன்னு கேப்பானுவள்ல? வக்கீல் கண்டிச்சுச் சொல்லிருக்காரு, அந்த மெஷினைப் பத்தி மூச்சு விடாதீரும்னு. அதான் எடுக்கல. எடுக்காம இருந்தா நான் ஒண்ணும் சொன்னதா ஆகாது.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய?

உள்ள எத்தனை பேரு வேலை செய்தாவன்னா? இருப்பாவ, பத்துப் பன்னெண்டு பேரு. ஐஸ் ஒடைக்கதுக்குப் பொம்பளையளும் வருவாவ. அதுக்கு என்ன இப்பம்? நான் உங்ககிட்ட கேட்டது வேற. என் மேல தப்பா, இல்லையா? லினக்ஸ் தெரிஞ்சவர்னுதானே உங்கள்ட்ட கேட்டேன். ஸ்டாப்னா நிறுத்துதுன்னுதானே அர்த்தம்? சொல்லுங்க. வெளியூர் பொண்ணு சொன்னதை விடுங்க, நீங்க சொல்லுங்க.

என்ன, பேக்கை மாட்டுதிய? திருச்செந்தூர் இன்னும் வரல தம்பி. இது பனையடி விலக்கு. நீங்க எடுத்த டிக்கெட் அதுக்கு இல்ல. அந்தா தெரியுதே தகரக் கூரை, அதுதான் நான் சொன்ன கம்பெனி, சும்மா காட்டலாம்னு... உக்காருங்க தம்பி. உங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. முன்பின் தெரியாத ஆளு போயி சொன்னா எவன் கேப்பான்?

எந்திச்சிட்டியளா. சரி. சரி, போங்க. காளி, கொஞ்சம் ஒதுங்கும்யா, தம்பி எறங்குதாரு. கண்டக்டர், விசில் அடிச்சிராதீரும்.

தம்பி. இங்க, இந்த சன்னல் பக்கமா வாங்க. கிட்ட வாங்க. பொட்டி கம்ப்ரஸர் ரூமுக்கு எடது கைப் பக்கம் செவத்துல இருக்கும். ரோஸ்லின் மேடத்துட்ட பேட்டரியைக் கழத்த வேண்டாம்னு சொல்லுங்க. கழத்தியாச்சுன்னா, நாளைக்கு ஸ்விட்சு போட்ட பெறவு ஒருத்தரையும் உள்ள விட வேண்டாம், விளக்கு பச்சையாவே எரிஞ்சாலும் விட வேண்டாம். வாடை வந்தா மூக்கை நம்பச் சொல்லுங்க.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க, தம்பி.